வாரோம் என்று சொன்ன வம்பு

இப்போதெல்லாம் சேவை நிறுவனங்களுக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு முதல் நாள் ஓரியன்டேஷன் என்று வகுப்பு எடுக்கிறார்கள். அறுபதுகளில் தென்காசியில் ஒரு சேவா சங்கத்தில் நான் அமைப்பாளராக இருந்தபோது அதெல்லாம் கிடையாது. கோடை விடுமுறையில் பாளையங்கோட்டைக் கல்லூரி மாணவர்கள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துக் கொடுப்பேன். மறுநாள் காலையிலேயே வேலை.

இறங்கியதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, குத்தாலத்துல தண்ணி விழுதா?" என்பதுதான். சமூக சேவைக்கு வந்தவர்களா, குளிக்க வந்தவர்களா என்று எனக்கு எரிச்சலாக வரும். "வேலை முடியாம அருவிப் பக்கம் தலைவச்சும் படுக்கக் கூடாது" என்று சொல்லிவிடுவேன்.

1. மரியாதை தெரிந்த பையன்

அந்த வருஷம் குத்துக்கல்வலசையில் ஒரு வீட்டில் பெரியம்மை கண்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். அடுத்த வீட்டில் மாடத்தி என்ற இளம்பெண்ணுக்கு செண்பகம் என்று ஒரு கைக்குழந்தை. இன்னும் அம்மை குத்தவில்லை. அந்தத் தெருவில் குத்தாத பிள்ளைகள் நிறைய இருந்தாலும், என் கண்ணில் நின்றது அந்தச் சுவருக்கு அடுத்த தொட்டில்தான்.

எங்கள் பக்கம் தடுப்பூசி என்று யாரும் சொல்வதில்லை. அம்மை குத்துவது என்றுதான் பேச்சு. சுகாதாரத் துறை வாக்ஸினேட்டர் ஒருவர் ஐஸ் போட்ட பிளாஸ்கில் மருந்தோடு வருவார். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பற்கள் வைத்த வட்ட ஊசியைத் தோளில் வைத்து ஒரு திருகு திருகுவார், பிள்ளை வீறிடும், அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். பேசி இணங்க வைப்பதும், பிள்ளையைப் பிடித்துக்கொள்வதும், அழுகையை அமர்த்துவதும் மாணவர்கள் வேலை.

மாணவர்களுக்குத் தலைவன் சுந்தரம். பி.ஏ. படித்தான். நல்ல வளர்ப்பு. அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் நடையைக் கட்டுவது அவனுக்குப் பிடிக்கவில்லை. அதனால் ஒவ்வொரு வாசலிலும் அவருக்கும் சேர்த்து இவனே கைகூப்பி, "யம்மா, போயிட்டு வாரோம்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் இறங்கினான். எனக்குப் பெருமையாக இருந்தது.

மேலத்தெரு முடிந்து மாடத்தி இருந்த கீழத்தெருவுக்குள் நுழைந்தோம். பட் பட்டென்று கதவு சாத்துகிற சத்தம். ஒரு வீடு, இரண்டு வீடு இல்லை, தெரு முழுக்க. மாடத்தியின் கதவைத் தட்டினேன். ஜன்னல் மட்டும் திறந்தது.

"என்னட்டி, நேத்து சரின்னுதான சொன்னே?"

"சொன்னேன்க்கா. ஆனா அந்தத் தம்பி என்ன பேச்சு பேசுதாரு? அம்மையைக் கையில வச்சிக்கிட்டு வாசல்ல நின்னு 'வாரோம், வாரோம்'ங்காரே! பக்கத்து வீட்டுல இருக்கிறது பத்தாதா? எங்க வீட்டுக்கும் அவளை வரச்சொல்லுதாரா?"

எனக்குச் சுரீர் என்றது. அம்மை கண்ட வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போயிட்டு வாரேன்' என்று யாரும் சொல்ல மாட்டோம். சொன்னால் அம்மனும் திரும்ப வந்துவிடுவாள் என்று பயம். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் பிளாஸ்கில் போவதும் அம்மைதானே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மரியாதை தெரியாத பையன்களால் எனக்கு எத்தனையோ தொல்லை வந்திருக்கிறது. மரியாதை தெரிந்தவனால் வந்தது அன்றுதான்.

2. ஒத்திகை

சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் சுந்தரத்தை நடுவில் நிறுத்தினேன்.

"நாளைக்கு எல்லா வாசல்லயும் 'போறோம்'னு சொல்லணும். எங்க, சொல்லு பாப்போம்."

"போ..." என்று ஆரம்பித்தவன், தன்னை அறியாமல் "...யிட்டு வாரோம்" என்று முடித்தான். அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அக்கா, வீட்டுல 'போறேன்'னு சொன்னா எங்கம்மா அகப்பையாலயே போடுவா. நாக்கு வரமாட்டேங்கு."

"வரணும்லே. பச்சப்பிள்ளை இருக்கு அங்கன."

படுக்கப் போகும்வரை பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்து "போறோம், போறோம்" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். பள்ளிக்கூட வாட்ச்மேன் வந்து, "ஏதும் சண்டையா? எல்லாரும் ஊருக்குக் கிளம்புதாவளா?" என்று என்னிடம் கேட்டார்.

மறுநாள் காலை கீழத்தெரு நடுவில் சுந்தரம் போய் நின்றான். முகமெல்லாம் வேர்த்திருந்தது. ஒரே மூச்சில் கொட்டினான்.

"யம்மா! தாயிமாரே! நேத்து தெரியாமச் சொல்லிட்டேன். இன்னிக்குக் குத்திட்டுப் போறோம். போனா போனதுதான். இந்தத் தெருப்பக்கம் வரவே மாட்டோம்! நீங்க கூப்பிட்டாலும் வர மாட்டோம்!"

ஜன்னலுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது அடுத்த வீட்டுக்குத் தொற்றியது. முதலில் திறந்தது மாடத்தியின் கதவு. செண்பகத்தைச் சுந்தரம்தான் பிடித்துக்கொண்டான். அவள் வீறிட்ட வீறலில் அவன் கண்ணும் கலங்கிவிட்டது. மத்தியானத்துக்குள் தெருவே முடிந்தது. ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் அவனை நிறுத்தி வைத்து, "இன்னொரு மட்டம் சொல்லு தம்பி" என்று கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு மனசு லேசாயிற்று. அருவிக்குக் கூட்டிப்போகிறேன் என்று நானே வாய்விட்டேன்.

3. போகாமல் பார்ப்பது

அண்ணாச்சிதான் தலையில் கல்லைப் போட்டார். "ஒரு வாரம் கழிச்சு வந்து, கொப்புளம் போட்டிருக்கான்னு பாக்கணுமேம்மா. போடலைன்னா திரும்பக் குத்தணும்லா."

நான் சுந்தரத்தைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். கூப்பிட்டாலும் வர மாட்டோம் என்று தெருவுக்கே கேட்கச் சொன்ன வாய். திரும்பப் போய் நின்றால் பிறகு எந்தக் கதவும் திறக்காது. செண்பகத்துக்கு ஊசி பிடித்ததா இல்லையா என்று தெரியாமல் எனக்குத் தூக்கமும் வராது.

வேறு வழியில்லாமல், அந்த நாள் வந்ததும் ஊருக்கு வெளியே தென்காசி ரோட்டில் ஒரு பாலத்துச் சுவரில் போய் உட்கார்ந்தோம். எங்கே இருக்கிறோம் என்று மாடத்திக்குச் சொல்லி அனுப்பினேன். வெயில் ஏறியது. ஒருவரும் வரவில்லை. இத்தனை பாடுபட்டும் வீணாயிற்றே என்று அழுகை முட்டியது.

பிறகு ரோட்டுத் திருப்பத்தில் ஒரு கூட்டம் தெரிந்தது. முன்னால் மாடத்தி, இடுப்பில் செண்பகம். பின்னால் கீழத்தெருவே. முதல் நாள் குத்திக்கொள்ளாமல் ஒளிந்துகொண்ட மேலத்தெரு ஆட்கள் சிலரும்.

"என்னக்கா முழிக்கீக? நீங்கதான வரக்கூடாது, நாங்க வரலாம்லா!" என்றாள் மாடத்தி.

சட்டையை விலக்கிக் காட்டினாள். செண்பகத்தின் குட்டித் தோளில் கொப்புளம் அழகாக எழும்பியிருந்தது. "பிடிச்சிருச்சு" என்றார் அண்ணாச்சி. நான் பாலத்துச் சுவரிலேயே உட்கார்ந்து அழுதேன். பையன்கள் என்னைக் கேலி செய்தார்கள். பரவாயில்லை.

அந்தத் தெருவில் அதற்குப் பிறகு யாருக்கும் அம்மை காணவில்லை. சொன்னபடி பையன்களை அருவிக்கும் கூட்டிப்போனேன். அப்போதுதான் தண்ணீர் விழத் தொடங்கியிருந்தது.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான். புது ஊருக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது என்ன பேசவேண்டும் என்பதை நானாகத் தீர்மானிப்பதை விட்டுவிட்டேன். அந்த ஊர்ப் பெண்கள் யாரிடமாவது முதலில் கேட்டுக்கொள்வேன்.

பையன்கள் ஊருக்குத் திரும்பிய அன்று மாடத்தி பிள்ளையோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தாள். பஸ் நகர்ந்தது. சுந்தரம் ஜன்னலில் தலையை நீட்டிக் கையை ஆட்டினான். பழகின நாக்கு சும்மா இருக்குமா?

"யக்கா, போறோம்!"

மாடத்தி பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸோடு நாலு எட்டு ஓடினாள்.

"ஏலே, அது என்ன பேச்சு? அம்மைக்குத்தாம்லே அப்படி! உனக்கில்ல! போயிட்டு வாரேன்னு சொல்லுலே!"