ஒரு வாரத்து மாத்திரை, நாலு வாரத்து நடை

1. ஏணி மேலே ஆள்

காலை பதினொரு மணி. வார்டில் ஒரு நோயாளியைக் கட்டிலிலிருந்து எழுப்பி உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. நூர்ஜஹான் அக்கா.

"மிஸ், இவுக கடையில ஏணி மேல ஏறி நிக்கிறாங்க. இறங்கச் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க. நீங்க சொல்லுங்க."

"யாரு, காதர் பாயா?"

"வேற யாரு? போன வாரம் பாத்ரூம் போக என் தோளைப் பிடிச்ச ஆளு."

ஃபோனை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். தூரத்திலிருந்து காதர் பாயின் குரல், கல்யாண வீட்டுக்காரர் குரல்போல் கேட்டது.

"டாக்டர்! எல்லாம் சரியாயிடுச்சு லா! மேல் தட்டுல இருக்கிற பெட்டியெல்லாம் தூசி. நானே இறக்குறேன்!"

நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட் என்று அவருக்கு ஐந்து முறை சொல்லியிருந்தேன். ஆறாவது முறை சொல்ல அது நேரமில்லை. "பாய், முதல்ல கீழ இறங்குங்க. ரெண்டு கையாலயும் ஏணியைப் பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு படியா" என்றேன். இறங்கினார். இறங்கியதும், "இதுக்கா ஃபோன் போட்டே?" என்று மனைவியைத் திட்டியதும் கேட்டது.

அவருக்குக் குடலில் புற்றுநோய். அது கல்லீரலுக்கும் போயிருந்தது. மூன்று நாளாக அவர் சாப்பிட்டு வந்தது ஸ்டீராய்டு மாத்திரை.

2. "ரெஸ்ட் எடுங்க"

அதற்கு முந்தைய வாரம்தான் அவரை முதலில் பார்த்தேன். புக்கிட் பாத்தோக் வீட்டிலிருந்து டாக்சியில் வந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அறுபத்து மூன்று வயது. சிங்கப்பூரின் தமிழர் கடைத்தெருவான தேக்காவில் கடை வைத்திருந்தார். பெட்டிக்கடை அல்ல, பயணப்பெட்டி விற்கிற கடை. ஊருக்குப் போகிற கப்பல் பட்டறைத் தம்பிகள் முழுக்க அவரிடம்தான் பெட்டி வாங்குவார்கள் என்று நூர்ஜஹான் அக்கா சொன்னார்.

புற்றுநோய்க் களைப்பு வேறு மாதிரியானது. வேலை செய்து வருகிற களைப்பு தூங்கினால் போய்விடும். இது எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் போகாது. அவர் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்களாம்: நல்லா ரெஸ்ட் எடுங்க. அவரும் எடுத்தார். நான்கு மாதம் எடுத்ததில் தொடை இரண்டும் பாதியாகிவிட்டன.

ஊராரைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. என் சர்வீசின் முதல் பத்து வருடம் நானும் அதையே சொன்னேன். "ஓய்வு எடுங்கள்" என்று தமிழில் துண்டுத்தாள் தயாரித்துக் கொடுத்தவளே நான்தான். அதற்காக எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூட உண்டு.

முப்பது விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று ஒரு டெஸ்ட். மூன்று முறை எழுந்தார். நாலாவதற்குக் கை ஊன்றினார்.

"நடக்க முடியலன்னு வந்தவனை நடக்கச் சொல்றீங்க. இது என்ன வைத்தியம்?"

"பாய், உங்களுக்கு எழுந்து என்ன செய்யணும்?"

 அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கை காட்டி நிறுத்தினேன்.

"முப்பது வருஷமா வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன் வரிசையில நின்னவன் நான்" என்றார் கடைசியில். "இப்ப ஓரத்துல சேர் போட்டு உக்கார வைக்கிறாங்க. போன மாசத்திலிருந்து அதுக்கும் போறதில்ல. ஒரு தடவை எல்லாரோடயும் நின்னு, குனிஞ்சு, ஸஜ்தா செஞ்சு எழுந்திரிக்கணும்."

தரையில் நெற்றி வைத்து மறுபடி எழுந்து நிற்பது. என் பாடப்புத்தகத்தில் இருக்கிற எல்லாப் பயிற்சியையும்விடக் கடினமானது.

எங்கள் டாக்டர் இளம் சீனப் பெண். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். ஒரு வாரத்துக்கு மட்டும் குறைந்த அளவு ஸ்டீராய்டு, காலையிலும் மதியமும். அதோடு சேர்த்து நான்கு வாரம் நடையும் ரப்பர் பட்டைப் பயிற்சியும். மாத்திரை அவரை எழுப்பும். எழுந்த நேரத்தில் பயிற்சியைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மாத்திரை நின்ற பிறகு பயிற்சிதான் தாங்கும்.

காதர் பாய் இதில் முதல் பாதியை மட்டும் கேட்டிருக்கிறார்.

3. சாம்பிள்

ஏழாம் நாள் மாத்திரை தீர்ந்தது. ஒன்பதாம் நாள் படுத்தார். பத்தாம் நாள் மறுபடி சக்கர நாற்காலியில் என் முன்னால் இருந்தார். பயிற்சிக் குறிப்பேட்டைத் திறந்தேன். ஏழு நாளும் காலி.

"நான்தான் நல்லா இருந்தேனே, எதுக்குப் பயிற்சி?" என்றார். "டாக்டர்கிட்ட சொல்லி அந்த மாத்திரையவே தொடர்ந்து குடுக்கச் சொல்லுங்க. சாம்பிள் குடுத்துட்டு சரக்கு இல்லன்னு சொல்றது நல்ல வியாபாரமா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "அவருக்குச் சொல்லுங்கள்" என்றார் என்னிடம். "மாதக்கணக்கில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், தூக்கம் போகும். அதைவிட முக்கியம், தொடைத் தசை கரையும். தரையிலிருந்து எழ எந்தத் தசை வேண்டுமோ, அதே தசை."

நான் சொன்னேன். காதர் பாய் தன் தொடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எந்திரிக்க வைக்கிற மாத்திரையே எந்திரிக்க விடாமப் பண்ணுமா?"

"ரொம்ப நாள் சாப்பிட்டா, ஆமா."

"யா அல்லாஹ்" என்றார். அன்றைக்கு வியாபாரம் பேசுவதை நிறுத்தினார்.

4. மஞ்சள், சிவப்பு, பச்சை

ரப்பர் பட்டையில் மஞ்சள்தான் லேசானது. அடுத்தது சிவப்பு, அதற்கடுத்தது பச்சை. அவருக்கு மஞ்சள் கொடுத்தேன். "இது பாலர் பள்ளிப் புள்ளைங்களுக்கா?" என்று கேட்டார். முதல் நாள் மூன்று முறைதான் இழுக்க முடிந்தது.

வீட்டில் தனியாகச் செய்ய மாட்டார் என்று நூர்ஜஹான் அக்காவுக்குத் தெரியும். எனக்கும் ஒரு பட்டை கொடுங்க என்று வாங்கிப்போனார். காலையில் புளோக்குக்குக் கீழே, வாய்ட் டெக் என்கிற திறந்த தரைத்தளத்தில் இரண்டு பேரும் நடப்பார்கள். முதல் வாரம் ஐந்து நிமிடம், நாலாம் வாரம் பதினெட்டு. இடையில் ஒரு கல்மேசையின் இருக்கையில் உட்கார்ந்து எழுவார்கள். அங்கே சதுரங்கம் விளையாடும் சீனத் தாத்தாக்கள் எண்ணிக்கை சொல்ல ஆரம்பித்தார்களாம். மலாய்ப் பெண் ஒருத்தி தினமும் கைதட்டினாளாம். காதர் பாய்க்குக் கூட்டம் இருந்தால் போதும்.

கீமோ போட்ட வாரத்தில் மட்டும் எதுவும் முடியவில்லை. "சரி, வீட்டு வாசலுக்கும் லிஃப்ட்டுக்கும் நடங்க, அது போதும்" என்றேன். அதைச் செய்தார்.

மாதக் கடைசியில் பரிசோதித்தேன். அவர் சிவப்புப் பட்டைக்கு வந்திருந்தார். நூர்ஜஹான் அக்கா பச்சைக்குப் போய்விட்டார். அக்காவின் இரத்த அழுத்தம் இறங்கி, அதற்கான மாத்திரை ஒன்றைக் குறைத்திருந்தார்கள்.

"நோயாளி நானு, குணமானது இவ" என்றார் காதர் பாய்.

அன்று அவர் நாற்காலியிலிருந்து ஒன்பது முறை எழுந்தார்.

5. கட்டம்

பயிற்சி தொடங்கி ஆறாவது வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அழைத்தார். பின்னால் பள்ளிவாசலிலிருந்து வெளியே வருகிறவர்களின் சத்தம்.

"டாக்டர், ஜும்மா தொழுகை ரெண்டு ரக்அத்ல முதலாவதை நின்னே தொழுதேன். ஸஜ்தாவுல இருந்து எந்திரிச்சிட்டேன். பக்கத்துல நின்னவர் கையைக்கூடப் பிடிக்கல."

"ரெண்டாவது?"

"ரெண்டாவதுக்கு சேர்ல உக்காந்துட்டேன். கால் நடுங்கிடுச்சு." யாருக்கோ ஸலாம் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். "ஆனா முன் வரிசையில லா."

எங்கள் கணினியில் நோயாளியின் இலக்குக்கு இரண்டு கட்டம்தான் உண்டு: அடைந்தார், அடையவில்லை. பாதி அடைந்தார் என்று சொல்ல வழியில்லை. நான் 'அடைந்தார்' என்று அழுத்தினேன். என் மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டார். "இரண்டில் ஒன்று என்றால் அடையவில்லை என்றுதானே அர்த்தம்?"

"பேஷண்ட் அப்படி நினைக்கலை, சார்" என்றேன். அடுத்த தணிக்கையில் அது ஒரு குறையாகப் பதிவானது.

அதன் பிறகு ஏழு மாதம் இருந்தார். அதில் நான்கு மாதம் காலையில் இரண்டு மணி நேரம் கடையில் உட்கார்ந்திருந்தார். பெட்டிகளை வேறு ஆள் இறக்கினான். கடைசி இரண்டு மாதம் பயிற்சி எதுவும் வேலை செய்யவில்லை, மாத்திரையும்தான். நோய் முற்றினால் அப்படித்தான். அதை மறைத்து உங்களுக்குக் கதை சொல்ல மாட்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று. களைத்துப்போனவரிடம் ஓய்வெடு என்று சொல்வது சுலபம், எழுந்து நட என்று சொல்வதும் சுலபம். எழுந்து என்ன செய்யவேண்டும் என்று முதலில் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். சிலருக்குப் பதில் சொல்லவே பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை எழுதிவைக்க எங்கள் படிவத்தில் இடம் கிடையாது. எழுதாமலே செலவழியுங்கள்.