தாய்மாமன் கையெழுத்து

சுங்கை சிப்புட் ஆறாங்கட்டைத் தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. தங்கச்சி வீட்டு விசேஷம் என்றால் வட்டிக்கு வாங்கியாவது சீர்த்தட்டோடுதான் போய் நிற்பார்கள். அங்கே பிறந்து வளர்ந்த பத்துமலைக்கு அந்தக் குணம் கொஞ்சம் கூடுதல். தங்கச்சி கலாதேவியின் மகள் பிரமிளா பெரியவளானபோது அவர் கொண்டுபோன தட்டுகளைப் பற்றி ஊர் ஒரு வருஷம் பேசியது. அந்தப் பேச்சு அவருக்குச் சாப்பாட்டைவிடப் பிடித்திருந்தது. இதை மறைப்பானேன்?

தோட்டத்தில் ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது வெளியே வந்தவர் பத்துமலை. ஈப்போவில் தரை ஓடு விற்கும் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். புந்தோங்கில் ஒரு மலிவு விலை அடுக்குமாடி வீடு, மனைவி குமுதா, ஒரே மகள் யஷ்வினி என்று வாழ்க்கை ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. கலாதேவியின் புருஷன் லாரி விபத்தில் போய்விட்டதால், அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கும் இவர்தான்.

பிரமிளா பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்ததும் இரண்டு இடங்களில் கூப்பிட்டார்கள். ஒன்று கிழக்குக்கரையில் அரசாங்கப் பல்கலைக்கழகம், கணக்கியல். அரசாங்கக் கல்விக் கடனே அதற்குப் போதும். இன்னொன்று கோலாலம்பூர் பக்கம், வெள்ளைக்கார நாட்டுப் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்ட தனியார் பல்கலைக்கழகம். அதே கணக்கியல்தான். கட்டணமோ புந்தோங்கில் ஒரு வீட்டின் விலை. பாதிக்கு மேல் வங்கியில் வாங்க வேண்டும். வங்கி ஜாமீன் கேட்டது.

அந்தப் பெண் நேராக மாமா வீட்டுக்குத்தான் வந்தாள்.

"மாமா, கிழக்குக்கரைன்னா கடன் கொஞ்சம்தான். எனக்கு அதுவே போதும்னு இருக்கு."

"பேரு வேணும்லா" என்றார் பத்துமலை. "பேரு இருந்தா வேல கெடைக்கும், மாசா மாசம் காஜி தானா வரும். காஜி வந்தா கடன் தானா அடையும். நம்மாளுங்க சின்னதாவே யோசிச்சுத்தான் தோட்டத்துலயே கெடந்தோம்."

"ஜாமீன் கேக்குறாங்களே மாமா."

"நான் எதுக்கு இருக்கேன்?"

அடுப்படியிலிருந்து குமுதா எட்டிப் பார்த்தாள். "ஜாமீன்னா என்னான்னு ஒரு வாட்டி படிச்சுப் பாத்துட்டுப் பேசுங்க."

"தாய்மாமன் சைன் வைக்காம வேற எவன் வைப்பான்?" என்று அவர் சீறியதில் குமுதா உள்ளே போய்விட்டாள்.

அவருக்கு அது வங்கிக் காகிதமாகவே படவில்லை. இன்னொரு சீர்த்தட்டு, அவ்வளவுதான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், படிவங்களை நிஜமாகவே தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு தங்கச்சி வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் காட்டி, முதல் தாளில் குங்குமம் வைத்துத்தான் வங்கிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த மலாய்ப் பெண் அதை என்னமோ அழுக்கென்று நினைத்துப் பொறுமையாகத் துடைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கினாள். அந்த வருஷம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியில் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி, மருமகளைப் படிக்க வைக்கும் தாய்மாமன் என்று இவர் பெயரையும் சொல்லி மாலை போட்டார்கள். மனிதர் அன்று தரையில் நடக்கவில்லை.

பிரமிளா நன்றாகத்தான் படித்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கோலாலம்பூரில் ஒரு சிறிய கம்பெனியில் வேலையும் கிடைத்தது. பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த பெண் கிழக்குக்கரையில் படித்தவள். இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம். அந்தப் பெண் அதில் அம்மாவுக்கு அனுப்பினாள், வார இறுதியில் சினிமாவுக்குப் போனாள். பிரமிளா வாடகை, ரயில், சாப்பாடு போக மிச்சத்தைத் தவணைக்குக் கட்டினாள். கொஞ்ச நாளில் அந்த மிச்சமும் போதவில்லை. ஒரு மாதம் விட்டாள், அப்புறம் அடுத்த மாதமும். தீபாவளிக்கு ஊருக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டாள்.

வங்கிக் கடிதம் பத்துமலை பெயருக்கு வந்தது. ஆள் மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். வங்கிக்குப் போனார். ஜாமீன் நின்றவர் கட்டாவிட்டால் கோர்ட்டு என்றார்கள். திரும்பி வந்து மருமகளுக்குப் போன் போட்டார்.

"நான் என்னா மாமா செய்யட்டும்? சாப்புட்டுட்டு வாடகை குடுத்தா கையில ஒண்ணும் இல்ல" என்று அழுதாள். "அன்னைக்கே சொன்னேன்லா."

சொன்னாள்தான். போனை வைத்தார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்பது அவர் வீட்டில் இல்லாமல் போயிற்று, ஓவர்டைம். குமுதாவின் சங்கிலி அடகுக்குப் போய்த் திரும்பவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு தவணையில் தொடங்கும், சண்டையில் முடியும், சில நாள் சோறும் அப்படியே இருக்கும். அந்தச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துதான் யஷ்வினி வளர்ந்தாள்.

கெட்டிக்காரப் பெண். ஆறாம் படிவத் தேர்வில் பிரமாதமாகத் தேறினாள். நாட்டிலேயே பெரிய பெயருள்ள அரசாங்கப் பல்கலைக்கழகம் அவளைக் கூப்பிட்டது. அடுக்குமாடி முழுக்கப் பேச்சாகிவிட்டது. பெயரும் பெரிது, கட்டணமும் சிறிது. யாருக்கு அமையும் இப்படி? பத்துமலை குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதார். அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு வெகு காலமாகியிருந்தது.

ஆனால் யஷ்வினி ஒப்புதல் கொடுக்கவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினாள். கெடு நெருங்கியபோது அவரே கேட்டுவிட்டார்.

"நான் போகலப்பா. லஹாட் பக்கம் கையுறை கிலாங்ல ஆள் எடுக்குறாங்க. கேட்டுட்டேன்."

ரப்பர் பால் வெட்டிய குடும்பத்துப் பெண் ரப்பர் கையுறை செய்யத் தொழிற்சாலைக்குப் போகிறாள். பத்துமலை பதறிப் போனார்.

"இது அது மாதிரி இல்லம்மா. இது கவர்மெண்டு. கடன் கொஞ்சூண்டுதான், யாரும் ஜாமீன் நிக்க வேணாம். படிச்சு முடிச்சா தானா அடைஞ்சிரும்."

"பிரமிளாக்காகிட்டயும் தானா அடையும்னுதான் சொன்னீங்க."

"அது வேற, இது வேறம்மா."

"எனக்கு வேறயாத் தெரியலப்பா" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. "கொஞ்சமோ நெறயவோ, இன்னொரு கடன் இந்த வீட்டுக்குள்ள வர வேணாம்."

இந்தத் தடவை அவர் சொன்னது சரி. கணக்கும் சரி, இடமும் சரி. வாழ்க்கையில் முதல் முறையாகப் படிவத்தின் ஒவ்வொரு வரியையும் ஆள் வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார். எல்லாம் சரியாக இருந்து, சொல்லும் வாய்க்கு மட்டும் மதிப்பில்லாமல் போயிருந்தது. இதைவிடப் பெரிய தண்டனையை எந்தக் கோர்ட்டும் கொடுத்திருக்காது.

கடைசியில் பிரமிளாவையே கூப்பிட்டார். "நீ ஒரு வார்த்தை சொல்லும்மா. நீ சொன்னா கேப்பா."

"என்னைப் பாத்துத்தானே மாமா பயந்துருக்கா" என்றாள் பிரமிளா. "நான் என்னா சொல்ல?"

குமுதா முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிட்டாள். கெடு முடிந்தது. அடுத்த வாரம் கிலாங் பேருந்து அடுக்குமாடி வாசலுக்கு வந்து யஷ்வினியை ஏற்றிக்கொண்டு போனது.

அந்தப் பக்கத்து வழக்கம், முதல் சம்பளத்தைச் சாமி படத்துக்கு முன் வைத்துப் பெற்றவர் கையில் கொடுப்பார்கள். பெற்றவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதில் ஒரு நோட்டைப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்து, உனக்கு ஏதாவது வாங்கிக்கோ என்பார். யஷ்வினியும் குளித்துவிட்டு வந்து, விளக்கேற்றி, கும்பிட்டு, அப்பாவிடம் நீட்டினாள்.

"இத இந்த மாசம் பேங்குல கட்டிருங்கப்பா. நீங்க ஞாயித்துக்கெழம போவ வேணாம். முட்டி வலிக்குதுன்னீங்கள்ல."

வேண்டாம் என்று சொல்லத்தான் அவர் வாயெடுத்தார். தவணைத் தேதி ஏற்கெனவே தாண்டியிருந்தது. அவளுக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு நோட்டுகூட அதில் மிஞ்சாது. வாங்கிக்கொண்டார்.