பெண் பார்க்க வந்தவர்களும் பிரெஞ்சுப் படமும்

சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மைசூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக்காட்சிக்குப் பிரெஞ்சுப் படம் ஒன்று வந்தது. பழைய காதல் நாவலை இந்தக் காலத்துக்கு இழுத்து வந்து, குதிரைவண்டிக்குப் பதில் மோட்டார் வைத்து எடுத்த படம். நாவல் கல்லூரியில் எனக்குப் பாடம். அதில் நாயகனும் நாயகியும் விரல்கூடத் தொட்டுக்கொள்வதில்லை. அந்தத் தைரியத்தில், மேலுகோட்டையிலிருந்து என் தங்கையைப் பார்க்க வந்திருந்த பையனையும் அவன் அம்மாவையும், கூடவே தங்கையையும் அழைத்துப் போனேன். ஜாதகம் பொருந்தியாயிற்று. அந்த மாமிக்குத் தங்கையைப் பிடித்துமிருந்தது. தேதி குறிப்பதுதான் பாக்கி.

"நல்ல கதையா அண்ணா?" என்றாள் தங்கை.

"சன்னிதில வெச்சுப் படிக்கலாம். கண்ணை எடுக்காம பாரு."

பாதிப் படத்தில், மழையில் நின்ற மோட்டாருக்குள் நாயகன் நாயகியை முத்தமிட்டான். மழை விட்டது, அவன் விடவில்லை. என் காது எரிந்தது, கழுத்து எரிந்தது, செருப்பைப் பார்த்தேன், செருப்பின் வாரைப் பார்த்தேன், இருட்டே, இன்னும் கொஞ்சம் இருண்டுவிடேன் என்று கெஞ்சினேன். பையன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்; துடைத்துக்கொண்டே இருந்தான். மாமி தலைப்பால் முகத்தை மூடினாள். தங்கை மட்டும் நிமிர்ந்திருந்தாள். திரையின் வெளிச்சமெல்லாம் அவள் முகத்தில்.

மாமி எழுந்துவிட்டாள். எல்லோரும் வெயிலுக்கு வந்தோம்.

"எங்காத்துல பெருமாள் அமுது பண்றச்சே திரை போடுவோம், யாரும் பாக்கப்படாதுன்னு. உங்க மைசூர்ல காட்டறதுக்குன்னே திரை போடறா, பாரப்பா! உன் தங்கையானா இமைகூடக் கொட்டலை."

"புஸ்தகத்துல அப்படி இல்லை மாமி..."

"புஸ்தகத்தை யாரு கண்டா?"

மறுவாரம், ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள்.

தங்கைமேல் பாய்ந்தேன். "தலையைக் குனிஞ்சா என்னடீ உனக்கு?"

"நீதானே கண்ணை எடுக்காம பாருன்னே?"

பிறகு நூலகத்தில் அந்த நாவலைத் தேடி எடுத்தேன். என் பாடப்புத்தகத்தைப்போல இரண்டு பங்கு கனம். எங்களுக்குத் தந்தது மாணவர்களுக்கென்று வெட்டிச் சுருக்கியது. வெட்டாததில் மழை இருந்தது, மூடிய குதிரைவண்டி இருந்தது, உள்ளே முத்தமும் இருந்தது, பக்கம் தாண்டிப் போகிற முத்தம். அலமாரிகளுக்கு நடுவே, ஆளே இல்லாத இடத்தில், தலை குனிந்தேன்.

சில மாதங்களுக்குப் பின், காப்பி வடிகட்டிக்கொண்டே தங்கை கேட்டாள்: "கடைசில அவா ரெண்டு பேரும் சேர்ந்தாளா?"

"புஸ்தகத்துல சேரலை. படத்துல என்ன பண்ணினாளோ, தெரியலைம்மா."

"நீயாவது உக்காந்து முழுக்கப் பாத்திருக்கலாம்," என்றாள், டம்ளரை நீட்டி.

காது மறுபடியும் எரிந்தது.