பிரதி எடுத்தவர்

என் முதல் கதைப் புத்தகம் சென்னையில் அச்சாகி வந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. திருவனந்தபுரத்தில், கரமனை ஆற்றங்கரைத் தெருவில், சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து, மத்தியான வேளைகளில் எழுதிய பத்துக் கதைகள். என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். என் கணவர் ஆபீசில் குமாஸ்தா, அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் பிரதி எடுத்துக் கொடுத்தார். பதிப்பாளருக்குக் கடிதங்களும் அவரே எழுதினார். அதற்கு நான் நன்றியோடுதான் இருந்தேன். அட்டையில் என் பெயர்தான் இருந்தது.

சில மாதம் கழித்து, எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பெரிய பத்திரிகையில் புத்தக மதிப்புரை எழுதுகிறவர். அவர் நல்லதாக நாலு வரி எழுதினால் புத்தகம் விற்கும், இல்லாவிட்டால் இல்லை. பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து பழக்கமாகி, என் கணவர் அவரைக் காபிக்கு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்.

நான் காபி கொண்டுவந்து வைத்தேன். வந்தவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. என் கணவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"புஸ்தகத்தைப் படிச்சுட்டேன் சார். அந்த ஆத்து வெள்ளக் கதை இருக்கே, அது ஒண்ணு போதும். ஆனா பாஷையைக் கொஞ்சம் அலம்பணும். 'சாடினாள்'னு எழுதறீங்க. மெட்ராஸ்ல யாருக்குப் புரியும்? குதித்தாள்னு போடுங்களேன்."

எழுதறீங்க என்றாரே, அது என் காதில் விழுந்தது. சரி, மரியாதைக்கு வீட்டுக்காரரிடம் பேசுகிறார் என்று நினைத்து, கதவோரம் நின்றேன்.

அவர் மேலே சொன்னார்: "சம்சாரத்தோட பேர்ல எழுதறது இப்போ ஒரு மோஸ்தர்தான். நானே ரெண்டு பேரைக் கண்டுபிடிச்சிருக்கேன். ஆனா நீங்க அந்தக் கதையில மாட்டிண்டுட்டீங்க. சுழல்ல கால் எப்படி இழுபடும், தோள் எப்படி எரியும்னு, எதிர்நீச்சல் போட்ட ஆம்பிளை ஒருத்தனாலதான் அப்படி எழுத முடியும். படித்துறையில நின்னு துணி தோய்க்கறவாளுக்கு அது தெரியாது."

என் கணவர் மறுப்பார் என்று காத்திருந்தேன். அவர் டம்ளரைக் கையில் உருட்டினார். சிரித்தார். "ஏதோ, நானும் அங்கங்கே கொறச்சு பார்த்துத் திருத்தறதுண்டு" என்றார்.

ஒரு கமாவைக்கூட அவர் திருத்தியதில்லை.

அந்தக் கதையில் வருகிற மருமகள் நான்தான். கல்யாணமான மறு வருஷம், ஆடி மாத வெள்ளத்தில் செப்புக்குடம் கைநழுவிப் போயிற்று. நான் பின்னாலேயே சாடி, நீந்தி, அதைப் பிடித்துக்கொண்டு கீழே நாலாவது படித்துறையில் கரையேறினேன். குடத்தைக் கொண்டுவந்ததற்கு ஒரு நல்ல வார்த்தை இல்லை. ஆண்கள் பார்க்க நீந்தினாள் என்று மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அன்று படியில் நின்றுகொண்டு "அய்யோ அய்யோ" என்றவர் என் கணவர்.

நான் வாசற்படியைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தேன்.

"இவருக்கு நீந்தத் தெரியாது" என்றேன்.

வந்தவர் என்னைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். பிறகு, நல்ல ஹாஸ்யத்தைக் கேட்டவர் போலச் சிரித்தார். "ஆத்துக்காரியும் சாமர்த்தியசாலிதான்" என்று எழுந்து விடைபெற்றுக்கொண்டார்.

அவர் போனதும் நான் கேட்டேன். "ஏன் வாயைத் திறக்கலை?"

"வந்த மனுஷ்யனை அவமானப்படுத்தச் சொல்றியா? மிண்டாம, வாயை மூடிண்டு இரு. மதிப்புரை நன்னா வரும்."

நன்றாகத்தான் வந்தது. ஒரு பக்கம் முழுக்கப் புகழ்ச்சி. கடைசியில், பெண் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இந்தத் திருவனந்தபுரத்து நண்பர் சொந்தப் பெயரிலேயே வெளிவர வேண்டும் என்று ஆலோசனை. ஆபீசில் நாலு பேர் என் கணவருக்குக் கைகொடுத்தார்கள். அதை அவரே வந்து என்னிடம் சொன்னார், சந்தோஷமாக.

பத்திரிகைக்கு நானே கடிதம் எழுதினேன். ஆசிரியரிடமிருந்து கார்டு வந்தது, என் கணவரின் பெயருக்கு. கதைகள் தம் மனைவியுடையவை என்று அவர் கையெழுத்திட்டு எழுதினால் திருத்தம் போடத் தடையில்லையாம். நான் எழுதியது போதாதாம்.

"ஆகட்டும், எழுதறேன்" என்றார் என் கணவர். ஒரு மாதம் போயிற்று. இரண்டு மாதம் போயிற்று. கேட்டபோதெல்லாம் ஆகட்டும்.

ஒரு காலை அவர் குளித்துவிட்டு இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். இலையில் நான் ஒன்றும் பரிமாறவில்லை. பக்கத்தில் காகிதமும் மைக்கூடும் பேனாவும் வைத்தேன்.

"எழுதிட்டுச் சாப்பிடுங்கோ."

"ஆபீசுக்கு நேரமாறது."

"நேக்கும் ரெண்டு மாசமா நேரமாயிண்டுதான் இருக்கு."

என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன கண்டாரோ, மூன்று வரி எழுதினார். ஒரு வரியும் தாம் எழுதவில்லை, பிரதி மட்டுமே எடுத்தேன் என்று. நான் வாங்கிப் படித்துப் பார்த்தேன். பிறகு சாதம் போட்டேன். அவர் தலைகுனிந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

திருத்தம் வந்தது. கடைசிப் பக்கத்தில், தைல விளம்பரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில். மதிப்புரைக்காரர் அதன் பிறகு என் புத்தகம் எதைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதியதில்லை. வீட்டில், "அதான் போட்டுட்டாளே, இன்னும் என்ன கோபம்?" என்று கேட்டார் கணவர்.

என் கதை என்னுடையது என்று நான் சொன்னபோது நம்பாத ஊர், அவர் சொன்னதும் நம்பியது. அதில்தான் கோபம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்க உட்காரவில்லை நான். அடுத்த கதை பாதியில் நின்றிருந்தது.