மடியில் வைத்த மின்தடைப் பெட்டி

என் பீரோவில் கல்யாணப் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. நகைப்பெட்டி என்று ஆசையாகத் திறப்பவர்கள் ஏமாந்து போவார்கள். உள்ளே ஒரு கருப்புப் பலகை, அதன்மேல் வரிசையாகக் கனத்த பித்தளைக் கட்டைகள். இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒரு குழி, குழிக்குள் கருப்புத் தலை வைத்த ஒரு பித்தளைச் சாவி. பள்ளியில் இயற்பியல் படித்தவர்கள் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள், இது மின்தடைப் பெட்டி. சாவியைப் பிடுங்கினால் மின்சாரம் போகிற வழியில் தடை கூடும், திரும்பச் செருகினால் குறையும். இதை மடியில் வைத்துக்கொண்டுதான் நான் கல்யாணத்துக்குப் போனேன் என்றால் யாரும் நம்புவதில்லை. பெரிய டீச்சர் இருந்தவரை சாட்சிக்கு அவர் இருந்தார். இப்போது நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெரிய டீச்சர், பசுமலையில் நான் படித்து, பிறகு வேலையும் பார்த்த பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியை. அப்பா அம்மா முகம் எனக்கு நினைவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பள்ளி விடுதிதான் வீடு. என்னைப் போலப் போக்கிடம் இல்லாத பெண்கள் விடுதியில் பலர் இருந்தோம். எங்களில் யாருக்காவது கல்யாணம் என்றால் பெரிய டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தன்னுடைய காரில், தானே ஓட்டிக்கொண்டு போய், கல்யாணப் பெண்ணை வேதக்கோயில் வாசலில் இறக்குவார். எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் கார் அனுப்பிப் பெண்ணை அழைத்துக்கொள்வதுதான் முறை. அதற்கு அவர் ஒத்துக்கொண்டதே இல்லை. "பொண்ணு வீட்டுல வண்டி இருக்கு, நாங்களே வந்துருவோம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அந்த 'பொண்ணு வீடு' என்ற சொல்லுக்காகத்தான் இவ்வளவு பாடும். சின்ன வயதில் ஜன்னல் வழியாக அந்தக் கார் ஒவ்வொரு அக்காவையும் ஏற்றிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து, என் முறை எப்போது வரும் என்று ஏங்கியிருக்கிறேன். மாப்பிள்ளை யார் என்ற யோசனையெல்லாம் அப்போது கிடையாது, கார்தான் கண்ணுக்குள் நின்றது.

அது வெளிறிப்போன நீல நிறத்தில் ஒரு ஜெர்மன் கார். எங்கள் பள்ளியை நடத்திய மிஷனின் மருத்துவமனையில் வேலை பார்த்த ஒரு ஜெர்மன் அம்மையார் ஊருக்குத் திரும்பும்போது பெரிய டீச்சருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. மதுரையில் அந்த நாளில் ஓடிய எந்தக் காரிலும் இல்லாத ஒரு விசேஷம் அதில் இருந்தது, அதற்குக் கார்ப்பரேட்டர் கிடையாது. மற்றக் கார்களில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற அந்தக் குடுவைக்குப் பதிலாக, இதில் பின்சீட்டுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. இன்ஜினிலிருந்து சில ஒயர்கள் அந்தப் பெட்டிக்குச் செய்தி கொண்டு போகும். எவ்வளவு காற்று வருகிறது, இன்ஜின் எவ்வளவு சூடு என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, இம்புட்டுப் பெட்ரோல் போதும் என்று பெட்டி கணக்குப் பண்ணித் தெளிக்கும். இதெல்லாம் பிற்பாடு தெரிந்த விஷயம். அன்றைக்கு எங்களுக்கு அது வெறும் தகரப்பெட்டிதான்.

எனக்கு வாடிப்பட்டியில் சம்பந்தம் முடிவான எழுபதுகளின் கடைசியில் பார்த்து அந்தக் கார் மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலையில் ஒரே சாவியில் கிளம்பும். கொஞ்ச தூரம் நன்றாகவே போகும். சூடேறியதும், எங்கேயாவது நின்றால் போதும், காய்ச்சல் கண்டவரைப் போல நடுங்கும், பின்னால் கரும்புகை விடும், பெட்ரோல் வாடை குடலைப் பிடுங்கும், கடைசியில் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிடும். ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்கு முன்னால், அத்தனை பஸ்ஸும் ஹாரன் அடிக்க, அது நட்டநடுவே படுத்துக்கொண்ட நாளில் நானும் உள்ளே இருந்தேன். பெரிய டீச்சர் கீழே இறங்கி, ஹாரன் அடித்த டிரைவரைப் பார்த்து, "தம்பி, சத்தம் போட்டா பாடம் ஏறாது. வந்து தள்ளு" என்றார். அந்த டிரைவர் இறங்கி வந்து தள்ளினார்.

சேதி வாடிப்பட்டிக்கும் போய்விட்டது. என் வருங்கால மாமியார், நெல்லும் வாழையும் விளைவிக்கிற குடும்பத்துக்காரர், ஒளித்துப் பேசத் தெரியாதவர், ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: "டீச்சரம்மாவுக்கு எதுக்கு சிரமம், அந்த வண்டியை நம்பி முகூர்த்தத்தைத் தவற விடணுமா, நாங்க டாக்சி அனுப்புறோம்." தப்பாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. டாக்சி வந்தால் நான் விடுதியிலிருந்து அழைத்துக்கொண்டு போகப்பட்ட பெண். நீலக் கார் போய் நின்றால் நான் ஒரு வீட்டிலிருந்து வந்த பெண். இந்த வித்தியாசம் மற்றவர்களுக்குச் சின்னது, எனக்கு மலையத்தனை. பெரிய டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். டாக்சி வேண்டாம் என்று பதில் அனுப்பிவிட்டு, ஆரப்பாளையத்து மெக்கானிக் அண்ணனை வரச் சொன்னார்.

மெக்கானிக் அண்ணன் தங்கமான மனுஷர். அம்பாசடர், பியட் எதுவானாலும் பத்துத் தப்படி தள்ளி நின்றே வியாதியைச் சொல்லிவிடுவார். இந்தக் கார் மட்டும் அவரைப் படாதபாடு படுத்தியது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், கரி அப்பியிருந்தது. துடைத்துப் போட்டார், மறுநாளே மறுபடி கரி. "டீச்சர், பெட்ரோலு அதிகமாப் போகுது, அது நல்லாத் தெரியுது. வேற வண்டின்னா கார்ப்பரேட்டர்ல ஒரு திருகு திருகி விட்ருவேன். இதுல திருகுறதுக்கு ஒண்ணுமே இல்லையே, யாரைப் போயி கேக்குறது?" என்று பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு புலம்பினார். பிறகு நிமிர்ந்து, "காலையில நல்லாத்தேன் இருக்கு. சூடானதுக்கப்புறந்தேன் இம்புட்டு அழும்பு. தனக்கு சூடாயிருச்சுங்குறதே இதுக்குத் தெரியலையோ என்னமோ" என்றார். நான் அறிவியல் டீச்சர், பக்கத்திலேயேதான் நின்றேன். அந்த வார்த்தையில் இருந்த சூட்சுமம் எனக்கு உடனே உறைக்கவில்லை.

வழியைக் கண்டுபிடித்தது பெரிய டீச்சர். கார் நடுங்கிக்கொண்டு நின்றபோது அவர் பானெட் அருகே வந்து, இன்ஜினில் செருகியிருந்த ஒயர்களை ஒரு வகுப்பைப் பார்ப்பதுபோல் நோட்டம் விட்டார். "ஆஜர் எடுத்துருவோம்" என்றார். எங்களுக்குப் புரியவில்லை. "ஒவ்வொருத்தியா வெளிய அனுப்பிப் பாருங்க. ஒருத்தி போனா வகுப்புல சத்தம் மாறணும். போயும் எதுவும் மாறலைன்னா, அவ மொதல்லருந்தே வகுப்புல இல்லைன்னு அர்த்தம்." மெக்கானிக் அண்ணன் ஓடுகிற இன்ஜினில் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். ஒன்றைப் பிடுங்கியதும் இன்ஜின் நொண்டியது. பெரிய டீச்சர், "ஆஜர்" என்றார். இன்னொன்றைப் பிடுங்கியதும் அணைந்தே போனது. திரும்பக் கிளப்பினோம், "அவளும் ஆஜர்." இப்படியே வந்து, இன்ஜினின் ஓரத்தில் பித்தளைக் குமிழ் ஒன்றில் செருகியிருந்த ஒயரைப் பிடுங்கியபோது, நடுக்கம் கூடவும் இல்லை குறையவும் இல்லை. "இவதான்" என்றார் பெரிய டீச்சர், பரம திருப்தியோடு.

இன்ஜினின் சூட்டைச் சொல்ல வேண்டிய குமிழ் அது. சூடு ஏற ஏற அதன் தடை குறைய வேண்டும், அதை வைத்துத்தான் தகரப்பெட்டி பெட்ரோலைக் குறைக்கும். குமிழ் செத்துப்போய்த் தடை எக்கச்சக்கமாக நின்றுவிட்டதால், சித்திரை வெயிலிலும் இன்ஜின் பனியில் உறைந்து கிடக்கிறது என்று நம்பி, பெட்டி பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. புதுக் குமிழ் ஜெர்மனியிலிருந்து வரவேண்டும். அது வருவதற்குள் எனக்குக் குழந்தையே பிறந்துவிடும் என்று விடுதிப் பெண்கள் கேலி செய்தார்கள்.

மெக்கானிக் அண்ணன் அசரவில்லை. ஒயரின் இரண்டு நுனிகளையும் சேர்த்து முறுக்கிவிட்டார். நடுக்கம் போன இடம் தெரியவில்லை. தையல் மெஷின் மாதிரி ஓடியது. அவருக்கு டீயும் வடையும் கொடுத்துக் கொண்டாடினோம். மறுநாள் காலை கார் கிளம்பவே மாட்டேன் என்றது. முந்தின நாள் வரை எப்போதும் குளிர் என்று நம்பிய பெட்டி, இப்போது எப்போதும் கொதிக்கிறது என்று நம்பி, காலையில் வேண்டிய பெட்ரோலைக் கொடுக்க மறுத்தது. அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "காலையில பிரிச்சு விட்டு, சூடானதும் முறுக்கணும் போல" என்றார். "அதுக்கு நடுவுல எத்தனையோ சூடு இருக்கே, அப்ப என்ன பண்ணும்?" என்று பெரிய டீச்சர் கேட்டார். அந்தக் கேள்வியில்தான் என் மூளை விழித்துக்கொண்டது. தடையைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், அவ்வளவுதானே? ஆய்வகத்துக்கு ஓடினேன். புடவை தடுக்கி விழாதது கர்த்தர் கிருபை.

அப்படித்தான் கல்யாணத்தன்று காலை, பானெட்டிலிருந்து உள்ளே இழுத்த ஒயரோடு மின்தடைப் பெட்டி என் மடிக்கு வந்தது. கல்யாணப் பெண் பின்சீட்டில் உட்காருவதுதான் வழக்கம். நான் பட்டுப்புடவையும் முக்காடுமாக முன்சீட்டில் உட்கார்ந்தேன். பூங்கொத்து பின்னால் இருந்த தோழிப் பெண்ணின் மடிக்குப் போயிற்று. பெரிய தடைக்கான சாவிகளைப் பிடுங்கி வைத்தேன், கார் முதல் முயற்சியிலேயே கிளம்பியது. இன்ஜின் சூடேற ஏறச் சத்தத்தைக் கேட்டு ஒவ்வொரு சாவியாகச் செருகிக்கொண்டே வந்தேன். "எப்படி இருக்கா?" என்பார் பெரிய டீச்சர், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆஜர், டீச்சர்" என்பேன். ஆரப்பாளையத்தில் மெக்கானிக் அண்ணன் பட்டறை வாசலில் வேட்டியை இறக்கிவிட்டு, சாமி ஊர்வலத்தைப் பார்ப்பதுபோல் கைகூப்பி நின்றார். வைகைப் பாலத்தைத் தாண்டியதும் எனக்குப் பயம் குறைந்தது. பாட்டே வந்துவிட்டது.

வாடிப்பட்டிக்கு முன்னால் ரயில்வே கேட் அடைத்திருந்தது. நிற்பதுதான் அந்தக் காருக்கு ஆகாத ஒன்று. சரக்கு ரயில் ஆடி அசைந்து வந்தது, முடிவே இல்லாமல். பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து ஜனம் எட்டிப் பார்த்தது. கண்டக்டர் குனிந்து, "என்ன டீச்சர், பொண்ணு ரேடியோ கேட்டுக்கிட்டா வருது?" என்றார். "ஆமா, இன்ஜினுக்குச் சேதி வாசிக்கிறா" என்றார் பெரிய டீச்சர். எனக்குச் சிரிக்கவும் பயம். காரில் லேசாக ஒரு நடுக்கம் தொடங்கியது. இன்னொரு சாவியைச் செருகினேன். நடுக்கம் அப்படியே அடங்கியது. கடைசிப் பெட்டி போய்க் கேட் திறந்தபோதும் இன்ஜின் சீராக ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெரிய டீச்சர் இடது கையால் என் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினார். வாழ்க்கையில் அவர் என்னைக் கொஞ்சியது அந்த ஒரு முறைதான். எனக்கு அது போதும்.

கோயில் வாசலில் நீலக் கார் போய் நின்றது, நின்றும் ஓடிக்கொண்டே இருந்தது. மனசே இல்லாமல்தான் பெரிய டீச்சர் அதை அணைத்தார். ஒயரைக் கழற்றிவிட்டு, பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கினேன். மாமியார் முன்னால் வந்தார். பித்தளை பளபளக்கும் பெட்டியைப் பார்த்தார், இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டார். "எம்புட்டுக் கனம்" என்று சுற்றி நின்ற சொந்தக்காரர்களுக்குக் கேட்கும்படி சொன்னார். "டீச்சரம்மா, எங்களுக்கு ஒண்ணும் வேணாம்னுதானே சொன்னோம், எதுக்குச் சீரெல்லாம்?" நான் வாயைத் திறப்பதற்குள் பெரிய டீச்சர், "பொண்ணு வீட்டுல இருந்து வெறுங்கையா அனுப்ப முடியுமா?" என்றுவிட்டார். ஊர்வாய்க்கு அது போதும். என் கல்யாணப் போட்டோவில் குத்துவிளக்குக்கும் பித்தளைக் குடத்துக்கும் நடுவில் மின்தடைப் பெட்டி கம்பீரமாக உட்கார்ந்திருக்கும்.

அன்றைக்குப் பெரிய டீச்சர், மெக்கானிக் அண்ணன் சொன்ன மாதிரி ஒயரைப் பிரித்துக் கிளப்பி, சூடானதும் முறுக்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். அடுத்த வாரமே வந்து, பிராக்டிகல் பரீட்சை இருக்கிறது என்று அதைத் திருப்பிக் கேட்டார். மாமியாருக்கு விஷயம் அப்போதுதான் தெரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் மாட்டுக் கொட்டத்தில் கட்டியிருந்த மாடுகள் திரும்பிப் பார்த்தன.

போன மாதம் என் மகளின் கார் சிக்னலில் நின்றபோது நடுங்கியது. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம், பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி. பட்டறையில் ஒரு பையன் கையகலக் கருவியைச் செருகி, திரையைப் பார்த்து, "டெம்பரேச்சர் சென்சார் போயிருச்சு மேடம்" என்றான். புதுசு மாட்டி, அரை மணியில் அனுப்பிவிட்டான். நல்ல விஷயம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. "அந்தக் காலத்துல இதெல்லாம் எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று மகள் கேட்டாள். "ஆஜர் எடுத்தோம்" என்றேன். வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து பெட்டியைக் காட்டினேன்.

அது மறுபடி என் கைக்கு வந்த கதையை அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். பெரிய டீச்சர் ஓய்வு பெற்ற வருஷம் ஆய்வகத்துக்குப் புதுப் பெட்டிகள் வந்தன. நீலக் காரும் அதற்குள் போய்விட்டிருந்தது. பழைய பெட்டியைச் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு, பஸ் பிடித்து, வெயிலோடு வெயிலாக வாடிப்பட்டிக்கு வந்து இறங்கினார். நேரே மாமியாரிடம் போய் நீட்டினார். "அன்னைக்கு நான் திருப்பி எடுத்துட்டுப் போனது தப்பு. பொண்ணு வீட்டுச் சீரை யாராவது திருப்பி எடுப்பாங்களா?" மாமியார் இந்த முறையும் இரண்டு கையாலும்தான் வாங்கினார்.

மகள் ஒரு சாவியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினாள். "இது எங்கேருந்து வந்ததுன்னு யாராவது கேட்டா என்னம்மா சொல்றது?" என்றாள்.

"எங்க அம்மா வீட்டுலருந்துன்னு சொல்லு" என்றேன்.