இருபத்தொன்றாவது கோடு

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ஸ்க்ரூ சார் என்று பெயர். வைத்தது யாரோ, நன்றாக இருக்கட்டும். அவர் குழாயை மூடினால் வாஷர் நசுங்கும். சர்க்கரை டப்பாவை மூடினால், எதிர்வீட்டு அண்ணனைக் கூப்பிட்டுத்தான் அவர் மனைவி திறக்க வேண்டும். முப்பது வருட சர்வீஸில் என்ன கண்டுபிடித்தார் என்று மட்டும் கேட்காதீர்கள்; எதையும் கழன்று விழ விட்டதில்லை.

அவருடைய பிழைப்பு ஒரு சிவப்புப் படிகத்தை நம்பி ஓடியது. தாமிர ஆக்ஸைடு, மண்ணிலிருந்து தோண்டி, தலைமுடி கனத்துக்குத் தேய்த்த சில்லு. மைனஸ் இருநூற்று எழுபது டிகிரிக் குளிரில் அதை வைத்து மஞ்சள் லேசரைப் பாய்ச்சினால், உள்ளே ஓர் எலக்ட்ரான் இடத்தை விட்டுக் கிளம்பும். ஆனாலும் மனசு வராது; விட்டுவந்த காலியிடமும் அதுவும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும். இந்த ஜோடிதான் எக்ஸைட்டான். லேசரின் நிறத்தை இம்மி இம்மியாக மாற்ற, இன்னும் அகலமாகச் சுற்றும் ஜோடிகள் பிறக்கும்; ஒவ்வோர் அளவுக்கும் திரையில் ஒரு கோடு. கோட்டின் எண் ஏற ஏற, ஜோடிகள் ஊதிப் பெருத்த தொட்டாற்சிணுங்கிகள். படிகத்தைக் கொஞ்சம் அழுத்தினாலும் ஆளைக் காணோம்.

அதனால்தான் படிகத்தைத் தேய்த்துப் பொருத்தும் டெக்னீஷியன் அக்கா அதை எதிலும் ஒட்டமாட்டார். பித்தளைச் சட்டத்தில் ஒரு காகித உறை. அதற்குள் படிகம் சும்மா கிடக்கும். அப்படிக் கிடந்துதான் போன மாதம் இருபத்தொன்றாவது கோடுவரை காட்டியது. அறிக்கையில் சார் பெயர் முதலில். அக்காவின் பெயர் நன்றி சொல்லும் பத்தியில், குளிரூட்ட ஹீலியம் தரும் கம்பெனிக்குக் கீழே.

அந்தக் கோட்டை நேரில் பார்க்க ஒரு குழு வந்தது. பார்த்துவிட்டால் இயக்குநர் நாற்காலி சாருக்குத்தான். ஒரு வாரமாகவே அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வராண்டாவில் நடக்கப் பழகியிருந்தார்.

அன்று காலை, குளிரூட்டுவதற்கு முன், சட்டத்தை எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா இது, ஆடுது?”

“ஆடணும் சார். அப்படித்தான் வெச்சிருக்கேன்.”

“பெரிய மனுஷங்க வர்றாங்க. நம்ம சாமான் லொடலொடன்னு இருந்தா என்ன நினைப்பாங்க?”

“அவங்க கோட்டைப் பார்க்க வர்றாங்க சார், சாமானை இல்ல. தயவுசெஞ்சு கை வைக்காதீங்க.”

அக்கா ஹீலியம் உருளையைத் தள்ளிவரப் போனார். ஐந்தே நிமிடம். சட்டத்தின் மூலைகளில் ஸ்க்ரூ இருந்தது. சாரின் சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. அரைச் சுற்றோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரிந்திருந்தால் அவருக்கு அந்தப் பெயரே வந்திருக்காது.

ஒருமுறை குளிர்வித்துவிட்டால் மறுபடி திறக்க ஒரு நாள் ஆகும். மதியம் குழு திரையின் முன் உட்கார்ந்தது. ஏழு, எட்டு, ஒன்பது என்று கோடுகள் வந்தன. அதற்கப்புறம் வழித்துத் துடைத்த மாதிரி வெறுமை.

“மிச்சப் பன்னிரண்டு எங்கங்க?” என்றார் குழுத் தலைவர்.

“கிரிஸ்டலுக்கு வயசாயிடுச்சு சார்,” என்றார் ஸ்க்ரூ சார், கூசாமல்.

“கோடி வருஷம் மண்ணுக்குள்ள கிடந்தப்போ வராத வயசு, இன்னைக்குக் காலைலதான் வந்துச்சாக்கும்,” என்றார் அக்கா, லேசரைப் பார்த்தபடி.

குழுவில் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். பிஸ்கட்டைத் தின்று முடித்து, ‘உற்சாகமான முயற்சி’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். நாற்காலி பக்கத்துக் கட்டடத்துக்காரருக்குப் போனது.

மறுநாள் திறந்தபோது படிகம் இரண்டு துண்டு. ஸ்க்ரூ அசையவில்லை.

“சார், நீங்க போட்டது. நீங்களே வந்து கழட்டுங்க.”

சார் வந்தார், முக்கினார், முகம் சிவந்தார். ஸ்க்ரூவின் தலைதான் மழுங்கியது. கடைசியில் சட்டத்தை அறுத்துத்தான் படிகத்தை எடுக்க முடிந்தது. பெரிய துண்டை அக்கா பஞ்சில் பொதிந்து தன் மேசை டிராயரில் வைத்தார், யாரிடமும் சொல்லவில்லை.

வேறொருவராக இருந்தால் இரண்டு நாள் தலைகுனிந்து நடந்திருப்பார். சார் அன்றைக்கே கொள்முதல் பிரிவுக்குக் கடிதம் எழுதினார்: இப்போது வாங்கும் ஸ்க்ரூக்கள் சரியில்லை. கவரை ஒட்டி, டேப் சுற்றி, மேலே நான்கு ஸ்டேப்ளர் பின் அடித்தார்.

பிரிக்கும்போது கடிதம் பாதியாகக் கிழிந்துவிட்டதாகக் கேள்வி.