மணமகள் அறையில் மசூது பாய்

மசூது பாய்க்கு நாற்பத்தெட்டு வயது. அதில் இருபத்திரண்டு வருஷத்தைச் சவூதியின் தம்மாமில் ஒரு தொழிலாளர் முகாமுக்கு நெட்வொர்க் கட்டுவதில் கழித்தார். ஊர் திரும்பியபோது மனைவி அலிமா, பேரனைப் பார்த்துக்கொள்ள மகளோடு சென்னைக்குப் போயிருந்தாள். குத்துக்கல்வலசையில் கட்டிய புது வீட்டில் அவரும் வைஃபை பெட்டியுமாகக் குடித்தனம். பெட்டி விடாமல் கண் சிமிட்டும். பேச்சுக் கொடுத்தால் மட்டும் பதில் வராது.

முகாமில் வெள்ளிக்கிழமைதோறும் முகம் தெரியாதவர்களோடு கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை போட்டவர். பக்கத்தில் இருப்பவன் திட்டுவது காதில் விழ, ஒரே கூரைக்கடியில் ஓர் ஆட்டமாவது ஆடிவிட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் லட்சியம். குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கௌரிசங்கர் என்ற பையன் கேமிங் கூட்டம் நடத்துகிறான் என்று கேள்விப்பட்டதும், நெட்வொர்க் வேலைக்குத் தானாகவே போய் நின்றார்.

ஆடியில் கல்யாணம் ஏது? மண்டபம் காலியாகக் கிடந்தது. மணமகள் அறையைத் தலைமைச் செயலகமாக்கினார் பாய். ஆட்டக்காரர்களுக்கு ஒரு நெட்வொர்க், வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு இன்னொன்று, நடுவே கம்ப்யூட்டரிலேயே கட்டிய சுவர். பட்டியலில் பேர் இல்லாத கம்ப்யூட்டர் ஆட்டத்துக்குள் எட்டிப் பார்க்க முடியாது. நாற்பது பேரை எழுதிவிட்டு, நாற்பத்தொன்றாவது வரியை வெறுமனே விட்டார். ‘நீங்க ஆடலையா பாய்?’ என்று யாராவது கேட்காமலா போவார்கள்? தன் பேரைத் தானே எழுதிக்கொள்வது மரியாதையா என்ன?

ஆட்டம் தொடங்கியதும் கூடத்தில் ஒரே கூச்சல்.

“ஏலே, நான் மட்டும் தனியா நிக்குதேன்!”

“எனக்கும் அப்படித்தாம்லே காட்டுது!”

நாற்பது திரையிலும் ‘ஆட்டக்காரர்: 1’. முகாம் சட்டப்படி, ஒருவன் கம்ப்யூட்டர் இன்னொருவன் கண்ணில் படாதபடி பாய் பூட்டி வைத்திருந்தார். இருபத்திரண்டு வருஷக் கைப்பழக்கம்.

கௌரிசங்கர் ஓடி வந்தான். “பாய், சண்டை போட வந்தவனுவள இப்படிப் பிரிச்சு வச்சா எப்படி?”

பூட்டைத் திறந்துவிட்டார். கூடம் அதிர்ந்தது.

திரும்பிப் போகிறவன் பட்டியலைப் பார்த்தான். “இந்த வரி யாருக்கு?”

“அது... சும்மா கெடக்கு.”

“அடைச்சிருங்க பாய். எவனாவது நுழைஞ்சிருவான்.”

அடைத்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்திருந்த தன் லேப்டாப்பை வேடிக்கை பார்ப்பவர்களின் நெட்வொர்க்கில் இணைத்து, ஆட்டத்தைத் திறந்தார். கூடத்தில் ஒருவன் இன்னொருவனுடைய பரம்பரையையே இழுத்துத் திட்டுவது தெளிவாகக் கேட்டது. திரையில் ‘ஆட்டக்காரர்: 1’.

சுவரைத் திறக்கும் சாவி அவர் கையில்தான் இருந்தது. எதிரே நிலைக்கண்ணாடியில் ஏதோ ஒரு மணப்பெண் ஒட்டிவிட்டுப் போன பொட்டு. அதைக் கொஞ்சநேரம் பார்த்திருந்துவிட்டு, குறிப்பேட்டை எடுத்து எழுதினார்: ‘சுவர் சோதிக்கப்பட்டது. மிகவும் உறுதி.’